கொரின் கையெழுத்துப் போடாத தாள்

கொரின் வாண்டர்மோலன் எங்கள் கல்லூரியில் வந்து சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் நெடுஞ்சாலை ஓரத்து சூப்பர் மார்க்கெட்டில் கேக்கின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பிறந்தநாள், ஞானஸ்நானம், வேலையிலிருந்து ஓய்வு, பள்ளிக் கால்பந்து அணி ஜெயித்த நாள் என்று மிச்சிகனின் இந்த மூலையில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் அவள் கை எழுத்து அங்கே போயிருக்கும். வெட்டித் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிவிடுவார்கள். யார் எழுதியது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு வாங்கிய கேக்கும் அவள் எழுதியதாகத்தான் இருக்கும்.

நான் மெர்வின் ஹைட். ஊர்ப் பத்திரிகையில் இருபத்தாறு வருடம் பக்கம் ஒட்டினேன். கத்தியும் மெழுகுமாக விளம்பரங்களை வெட்டி ஒட்டுகிற வேலை. கம்ப்யூட்டர் வந்ததும் எங்கள் பதினொரு பேரையும் ஒரே வெள்ளிக்கிழமையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு மேனேஜரை நான் கேட்ட கேள்வியை ஊரில் இன்றும் சிலர் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. அப்புறம் எந்த வயதினரும் வந்து படிக்கிற இந்தக் கம்யூனிட்டி காலேஜில் 'கமர்ஷியல் ஆர்ட்' என்ற விளம்பரக் கலைத் துறையின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு இடம் கிடைத்தது. மாணவர்கள் வரைந்து கொண்டுவருவதை ஸ்கேன் செய்வது, பிரிண்டரில் சிக்கும் தாளை இழுப்பது, வாரம் முப்பது மணி நேரம். வருடா வருடம் ஜூன் மாதம் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் வேலை உண்டு. அந்தத் துறைத் தலைவர்தான் லைல் பெக்விட். அவனைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு மனசு வரவில்லை, அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

கொரின் படிக்க வந்ததற்குக் காரணம் அவளுடைய மணிக்கட்டு. கேக்கின் மேல் எழுதும் பட்டர்க்ரீம் பையைப் பிழிந்து பிழிந்து வலது கையில் மூன்று விரல் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு வருடம் தாங்கும், அதற்கு மேல் பிழிய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரஷ் பிடித்தால் வலிக்கவில்லை. ஆகவே எழுத்தை வைத்தே பிழைக்க வேறு வழி தேடினாள். காலை நாலரைக்குக் கடைக்குப் போய், மத்தியானம் வகுப்புக்கு வருவாள். தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரைத்தூள் இருக்கும்.

1998 வசந்தத்தில், எழுத்து வடிவ வகுப்பின் முதல் நாள், மற்றவர்கள் பேனாவும் பிரஷும் எடுத்தார்கள். இவள் பையிலிருந்து கேக் கடைக் காகிதத்தை எடுத்துக் கூம்பாகச் சுருட்டி, அதில் போஸ்டர் கலரை ஊற்றி, முனையைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கலர் லேசாக இருந்ததால் பிழிய வேண்டிய அவசியமே இல்லாமல் தானாக இறங்கியது.

ட்ரெவர் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, எதற்கெடுத்தாலும் கிண்டல். "கொரின், அடுத்த வாரம் அடுப்பையும் தூக்கிட்டு வந்துடுவீங்களா?" என்றான்.

"எதுக்குப்பா? நீ வரைஞ்சிருக்கிறது ஏற்கெனவே தீஞ்சு போயில்ல கிடக்கு" என்றாள் இவள், தலை நிமிராமல்.

வகுப்பே சிரித்தது. ட்ரெவரும் சிரித்தான். அன்றைக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தவன் அந்தப் பருவம் முடிகிறவரை இடம் மாறவில்லை.

அந்த வகுப்பில் கொடுத்த வேலை, ஓர் ஆப்பிள் தோட்டத்தின் பெயரை எழுதுவது. உண்மையான தோட்டம், பென்னர் குடும்பத்தாருடையது. அவர்கள் விற்கும் ஆப்பிள் சாறு ஜாடிக்கு லேபிள் வேண்டும் என்று லைலிடம் கேட்டிருந்தார்கள். அவன் அதை வகுப்புக்குப் பயிற்சியாகக் கொடுத்தான். முடிந்ததும் எல்லாருடைய வேலையையும் சுவரில் ஊசி குத்தி மாட்டினார்கள். ஒவ்வொன்றாக நின்று குறை சொல்வதுதான் அங்கே வழக்கம். கொரினுடைய தாள் முன்னால் வந்தபோது குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எனக்கு எழுத்தைப் பற்றித் தெரியும். பத்திரிகையில் ஆயிரம் விதமான அச்செழுத்தைக் கையாண்டவன். அவள் எழுத்தில் ஒவ்வொரு கோடும் கொழுக்கென்று ஆரம்பித்து, போகப்போக மெலிந்து, கையை எடுக்காமலே அடுத்த எழுத்துக்குத் தாவியது. க்ரீமை நடுவில் நிறுத்தினால் சொட்டும், அதனால் வந்த பழக்கம். அவள் பின்னால் எழுதித் தந்த பெரிய 'கே' எழுத்தின் கால், ஒருவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அப்படி ஒரு 'கே'யை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லைல் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றான். வகுப்பு கலைந்ததும் அவளைக் கூப்பிட்டான். நான் பக்கத்தில்தான் பிரிண்டரைக் குடைந்துகொண்டிருந்தேன்.

"கொரின், இதுல பென்னர்ங்கிற பேருக்கு வேண்டிய எழுத்து மட்டும்தானே இருக்கு. முழு வரிசையும் எழுதித் தர முடியுமா? பெருசு, சிறுசு, எண் எல்லாம். நல்ல வேலைகளைச் சேத்து வைக்கிற துறையோட சேமிப்புல வச்சுக்கலாம். உங்களுக்கு மார்க்கும் சேர்த்துப் போடுறேன்."

"இவ்வளவுதானா? நாங்க கடையில தினமும் காலையில காகிதத்துல முழு வரிசையும் எழுதிப் பாத்துட்டுத்தான் கேக்கைத் தொடுவோம். நாளைக்கே கொண்டுவரேன்" என்றாள்.

மறுநாளே கொண்டுவந்தாள். ஒரே நீளத் தாளில் இருபத்தாறு பெரிய எழுத்து, இருபத்தாறு சின்ன எழுத்து, பத்து எண்கள், நிறுத்தற்குறிகள் வரை. வகுப்பு விதிப்படி தாளின் கீழ்மூலையில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். அவள் எழுதவில்லை. நான் சொன்னேன்.

"கையெழுத்துப் போடலையே கொரின்."

"கேக்குல யாராவது கையெழுத்துப் போடுவாங்களா மெர்வின்?" என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு நிமிடம் நான் அந்தப் பேனாவை அவள் கையில் திணித்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் உட்கார்ந்து அந்த எழுத்துகளை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்தேன். மத்தியான இடைவேளையில் அவள் வந்து பக்கத்தில் உட்காருவாள். கடையில் சமமாக வெட்டும்போது விழும் கேக் ஓரங்களை ஒரு டப்பாவில் கொண்டுவருவாள். "ஃபெர்னுக்குத் தராதே, அவளுக்குச் சர்க்கரை இருக்கு" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. ஃபெர்ன் என் மனைவி. இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். கொரினுக்கு என் வீட்டு விஷயம் எல்லாம் தெரியும், அவளுடையது எனக்குத் தெரியும். கணவன் விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம். ஒரே மகன் கடற்படையில். திரையில் தன் எழுத்து பெரிதாகி நிற்பதைப் பார்த்து ஒருநாள் சொன்னாள்: "என் எழுத்து ஒரு நாளுக்கு மேல இருந்ததே இல்ல மெர்வின். இது இருக்கும்ல?"

"நம்ம ரெண்டு பேரும் போனப்புறமும் இருக்கும்" என்றேன்.

வேலை முடிந்து டிஸ்க்கை லைலிடம் கொடுத்தேன். தாளையும் அவனே வாங்கி வைத்துக்கொண்டான். சேமிப்புக்கு என்று சொன்னான், நானும் நம்பினேன். முட்டாள்.

அக்டோபர் மாதம். ஆப்பிள் சாறு இறங்குகிற காலம். சனிக்கிழமை காலை கொரினுடைய கேக் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள், பெயர் கென்னத். கையில் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு ஜாடி ஆப்பிள் சாறு. அதைக் கவுண்டரில் வைத்தாள்.

"அப்பாவுக்கு இந்த எழுத்து ரொம்பப் பிடிக்கும். கேக்கு மேல இதே மாதிரி எழுத முடியுமா? கொஞ்சம் கஷ்டந்தான், தெரியும். முடிஞ்ச அளவு பாத்து எழுதுங்க, போதும்."

பென்னர் தோட்டத்து ஜாடி. லேபிள் முழுக்கக் கொரினுடைய எழுத்து. பெயர் மட்டுமில்லை, சாற்றின் வகை, ஊர், பின்பக்கத்தில் மூன்று வரிக் குடும்பக் கதை எல்லாமே. கீழே பொடி எழுத்தில், எழுத்து வடிவம் லைல் பெக்விட் என்று போட்டிருந்தது.

கொரின் என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை. "எழுதினேன் மெர்வின். ஜாடியைப் பாக்காமலே எழுதினேன். அந்தப் பொண்ணு கேக்கையும் ஜாடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, அச்சு அசலா அப்படியே காப்பி அடிச்சிட்டீங்களேன்னு பாராட்டிட்டுப் போறா" என்றாள்.

திங்கட்கிழமை அவள் லைலின் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. அவனுக்குக் குரலே உயரவில்லை.

"உக்காருங்க கொரின். இங்க பாருங்க, வகுப்புல கொடுத்த பயிற்சி அது. நீங்க எழுதினது ஒரு ஆரம்பம், அவ்வளவுதான். அதை அச்செழுத்தா ஆக்கினது நான். இடைவெளி, அளவு, எல்லாம். அது தனி வேலை. உங்களுக்கு மார்க்கு கொடுத்தேனே."

இடைவெளியும் அளவும் நான் செய்தது. அவன் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை.

"சேமிப்புக்குன்னு சொன்னீங்க" என்றாள் கொரின்.

"சேமிப்புலயும் இருக்கே" என்றான்.

அவள் எழுந்து வந்துவிட்டாள். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். "ஜாடிதானே, குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடுவாங்க" என்று என்னிடமே சொன்னாள். நவம்பரில் அப்படி விட முடியாமல் போயிற்று.

நவம்பர் இரண்டாம் வாரம் எங்கள் கல்லூரியில் வேலை காட்டும் நாள். மாணவர்கள் தங்கள் சிறந்த வேலைகளைக் கறுப்பு உறையில் அடுக்கி மேஜையில் பரப்பி வைப்பார்கள். சுற்று வட்டாரத்து அச்சகங்கள், விளம்பரக் கம்பெனிகள், போர்டு எழுதுகிறவர்கள் வந்து பார்ப்பார்கள். அந்த வருடம் கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனியும் வந்தது. கையால் எழுத்து எழுத ஓர் ஆள் தேவை. இந்தக் காலத்தில் அப்படி ஒரு வேலை இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது. கொரினுக்காகவே செய்து வைத்த நாற்காலி.

அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவள் பெயர் இமோஜின் ஷா. கொரினுடைய உறையை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். முழு வரிசை இருந்த பக்கத்தில் நின்றாள். அசல் தாள் லைலிடம் இருந்ததால் கொரின் அதை வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதி வைத்திருந்தாள்.

"இதை எங்ககிட்ட ஏற்கெனவே ஒருத்தர் வித்திருக்காரே. எங்க அட்டைகள்ல உபயோகிக்கிறோம். லைல் பெக்விட்டோடது" என்றாள் இமோஜின். குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம் இருந்தது.

கொரின் நடந்ததைச் சொன்னாள். இமோஜின் ஒரு தாளை நீட்டி ஏதாவது எழுதச் சொன்னாள். கொரின் எழுதினாள். இமோஜின் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"பயிற்சி பண்ணினா யாரும் ஒரு எழுத்தைக் காப்பி அடிச்சிடலாம். அதனால இதை வச்சு நான் முடிவு பண்ண முடியாது. ஆனா நீங்க சொல்றது உண்மைன்னுதான் எனக்குத் தோணுது. உங்க கல்லூரியிலேர்ந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, இந்த எழுத்து உங்களோடதுன்னு. ஜனவரியில வேலைக்கு வந்துடுங்க. கடிதம் இல்லாம உங்களை எடுத்தா, காப்பி அடிச்சவங்களை வேலைக்கு எடுத்தேன்னு எங்க வக்கீலே என்னைத் தின்னுடுவாரு."

அவ்வளவுதான் வேண்டியது. ஒரே ஒரு கடிதம். அன்று மாலையே கொரின் டீனிடம் மனுக் கொடுத்தாள். டீன் டாக்டர் பர்னெல் நியாயமான பெண்மணி. அடுத்த வியாழக்கிழமை எல்லாரையும் உட்கார வைத்துப் பேசலாம் என்றார். தாளில் கையெழுத்தில்லை, தேதியில்லை. வகுப்பு சுவரில் பார்த்தது பென்னர் என்ற பெயரை மட்டும்தான்; இந்த முழு வரிசை யாருடைய கையிலிருந்து வந்தது என்று பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

"சொல்லுவேல்ல மெர்வின்?" என்று கேட்டாள் கொரின்.

"சொல்றதா? அவன் சட்டையைப் பிடிச்சுச் சொல்லுவேன் பாரு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. கடையில் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டாள், டிசம்பர் கடைசியோடு நிற்கிறேன் என்று. அவ்வளவு நம்பிக்கை.

புதன்கிழமை மத்தியானம் லைல் என் அறைக்கு வந்தான். பிரிண்டரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஃபெர்ன் எப்படி இருக்காங்க மெர்வின்?"

"இருக்கா."

"நல்லா பாத்துக்குங்க. இங்க நமக்குக் கிடைக்கிற மருத்துவக் காப்பீடு நல்ல காப்பீடு. வெளியில போனா இப்படிக் கிடைக்காது" என்றான். கதவு வரை போய்த் திரும்பி, "பட்ஜெட்டைக் குறைக்கச் சொல்றாங்க. முப்பது மணி நேர ஆள் வேணுமான்னு கேக்கறாங்க. நான் உங்களுக்காகப் பேசிக்கிட்டிருக்கேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான்.

அன்று வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்தபோது என் வேலையின் காப்பீட்டில் வருகிற இன்சுலின் குப்பிகள் வரிசையாக நின்றன. ஃபெர்னிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை டீனின் அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். கொரின் நீல நிறக் கோட்டுப் போட்டு, தலைமுடியைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். மேஜையின் நடுவில் அந்த நீளத் தாள். லைலே கொண்டுவந்து விரித்திருந்தான். மாதிரி வரைவு, பல பேர் பங்கு கொண்ட வகுப்புப் பயிற்சி, கடைசி வடிவம் தன்னுடையது என்று மிக மரியாதையாகச் சொல்லி முடித்தான்.

டீன் என் பக்கம் திரும்பினார். "மெர்வின், இந்தத் தாளை ஸ்கேன் பண்ணினது நீங்கதான்னு கொரின் சொல்றாங்க. இதை உங்க கையில கொடுத்தது யாரு?"

கொரின் என்னைப் பார்த்தாள். கவலையே இல்லாமல் பார்த்தாள்.

அந்தத் தாளில் 'கியூ' எழுத்தின் வாலருகில் ஒரு சின்ன எண்ணெய்க் கறை உண்டு. என் கட்டைவிரல். அவள் கொண்டுவந்த கேக் ஓரத்தைத் தின்ற கையோடு பிடித்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு நாப்பது தாள் வருது மேடம். யார் கொடுத்தாங்கன்னு ஞாபகம் வச்சுக்க முடியறதில்ல."

டீன் இன்னொரு முறை கேட்டார். நான் இன்னொரு முறையும் அதையே சொன்னேன். இரண்டாம் முறை முதல் முறையை விடச் சுலபமாக வந்தது, அதுதான் எனக்கு இன்றும் கூசுகிறது. ஆதாரம் இல்லாததால் கல்லூரி கடிதம் தர இயலாது என்று டீன் வருத்தத்தோடு சொன்னார். லைல் எழுந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வாகனம் நிறுத்துமிடத்தில் கொரின் தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. நான் போய் நின்றேன். ஃபெர்ன், காப்பீடு, பட்ஜெட் என்று ஏதேதோ உளறினேன். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே மெர்வின். உன்னால முடியாதுன்னு சொல்லியிருந்தா, நானே உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

நான் அவள் காரின் கூரையில் விழுந்திருந்த பனியைக் கையால் தள்ளினேன்.

"லைல் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்கு அக்டோபர்லயே தெரிஞ்சு போச்சு. அவனால எனக்குத் தூக்கம் கெடல. உன்னை நான் அப்படி நினைச்சதே இல்ல" என்று சொல்லி, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பட்டம் வாங்க அவளுக்கு இரண்டே பாடங்கள் பாக்கி. அதற்கப்புறம் கல்லூரிப் பக்கம் வரவில்லை. ட்ரெவர் என் அறைக்கு வந்து, "கொரின் எங்க?" என்று கேட்டான். தெரியாது என்றேன். கொடுத்த நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கடையிலேயே இருந்தாள் என்றும், அடுத்த வசந்தத்தில் கையில் ஆபரேஷன் ஆகி, பிழிகிற வேலையை விட்டு ரொட்டி வெட்டும் மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். இப்போது அந்தக் கடையில் கேக்கின் மேல் அச்சடித்த தாள்தான் ஒட்டுகிறார்களாம்.

ஜூன் மாதம் லைல் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். அதற்கடுத்த ஜூனிலும் போட்டான். வீட்டுக்கு இரண்டு நிமிடத்தில் இருக்கிற அந்த சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிட்டு, எட்டு மைல் தள்ளி இருக்கிற கடைக்குப் போய் ரொட்டி வாங்குகிறேன். ஏன் அவ்வளவு தூரம் என்று ஃபெர்ன் ஒருநாள் கேட்டாள். அங்கே ரொட்டி புதுசாக இருக்கிறது என்றேன். அவள் என்னை நம்பினாள்.